கலைஞ்சுது, கலைச்சேன்

மலர்க்கொடியின் எதிரில் இதுவரை வந்து உட்கார்ந்த ஏழு பெண்களும் முதல் நாள் சொன்னது ஒரே வார்த்தைதான். கலைஞ்சிடுச்சு. எப்போது என்று கேட்டால் வருஷம் சொல்வார்கள், எங்கே என்று கேட்டால் ஊர் சொல்வார்கள், கூட யார் வந்தது என்று கேட்டால் அழுவார்கள். வார்த்தை மட்டும் மாறாது. மேகம் கலைகிறது, கூட்டம் கலைகிறது, வாசலில் போட்ட கோலம் காலடி பட்டுக் கலைகிறது. யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. கலைச்சேன் என்று சொல்லிப் பாருங்கள், உடனே அங்கே ஒரு கை வந்துவிடுகிறது, அந்தக் கைக்குச் சொந்தக்காரியும் வந்துவிடுகிறாள். கலைஞ்சுது, கலைச்சேன், நடுவில் மாறுவது மூன்றே எழுத்து. அந்த மூன்று எழுத்தைத் தாண்டி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் மலர்க்கொடிக்கு அவள் போகிற ஜெபச் சபை கொடுத்திருந்த வேலை.

சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை வேறு. அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமையல் உதவியாளர். நாற்பத்தெட்டு வயது. கடலூர் சிப்காட்டை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு. இருநூறு முட்டையை உரிக்கச் சொன்னால் மணி அடிப்பதற்குள் உரித்து அடுக்கிவிட்டு, ஒன்றுகூட உடையவில்லை பார் என்று மற்ற உதவியாளருக்குக் காட்டுவாள். செய்கிற எதிலும் தன் கை ஒரு படி மேல் என்று காட்டிக்கொள்ள வேண்டும் அவளுக்கு. இந்தக் குணம் முட்டையோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறந்தது குறிஞ்சிப்பாடிப் பக்கம், நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பம். பழனிவேலைக் கட்டிக்கொண்டு கடலூருக்கு வந்தாள். இரண்டு பெண் குழந்தைகள். மூன்றாவது உண்டானபோது பழனிவேல் வேலை பார்த்த கம்பெனி கதவைச் சாத்தியிருந்தது. மாமியார் இருசம்மாள் வயிற்றைப் பார்த்தே தீர்ப்பு எழுதுகிற ரகம். வயிறு உருண்டையா இருக்குது, மூஞ்சில தெளிச்சல் இருக்குது, இதுவும் பொட்டதான் என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. பண்ருட்டியில் ஒரு நர்ஸம்மா தன் வீட்டு முன்னறையிலேயே நடத்திவந்த இடத்துக்கு நாலாம் மாசக் கடைசியில் கூட்டிக்கொண்டு போனார்கள். பழனிவேல் எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். உள்ளே எல்லாம் முடிந்த பிறகு தரையைத் துடைக்க வந்த ஆயா, ஏதோ ஒரு ஆறுதல் சொல்வது போல, ஆம்பளப் புள்ளம்மா என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த ஒரு வார்த்தையை இருபத்தொரு வருஷமாக மலர்க்கொடி யாரிடமும் சொல்லவில்லை. பழனிவேலிடமும் சொல்லவில்லை. இருசம்மாள் கடைசிவரை தன் கணிப்பு சரி என்ற நிம்மதியோடு போய்ச் சேர்ந்தாள். சத்துணவு வேலை கிடைத்த பிறகு மலர்க்கொடிக்கு ஒரு பழக்கம் வந்தது. தட்டோடு வரிசையில் நிற்கிற பையன்களில், பிறந்திருந்தால் அவன் வயதில் இருப்பது யார் என்று பார்ப்பாள். ஒன்றாம் வகுப்பு வரிசையில் பார்த்தாள், மறு வருஷம் இரண்டாம் வகுப்பில் பார்த்தாள். எட்டாம் வகுப்பு வரை அவன் அந்த வரிசையில் இருந்தான். அதற்கு மேல் அந்தப் பள்ளியில் வகுப்பு இல்லை. இப்போது சிப்காட் பஸ்ஸிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு இறங்குகிற பையன்களைப் பார்க்கிறாள்.

சபைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது பக்கத்து வீட்டுப் பெண். மலர்க்கொடி சாப்பிடாமல், தலை வாராமல், மூன்று மாசமாக ஒரு மூலையில் கிடந்தபோது நடந்தது அது. ஜெபத்தில் அழுதாள், அழுது முடித்ததும் பசித்தது, சாப்பிட்டாள். அந்த அளவுக்கு அது உண்மை. அதற்கு நன்றியாக ஞானஸ்நானம் எடுத்தாள். பழனிவேல் எடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு மட்டும் பதினோரு மணிக்குள் வேண்டும் என்றான்.

அந்தச் சபையில் ஹெப்சிபா டீச்சர் என்று ஒருவர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கருவைக் கலைத்துவிட்டு உள்ளே புழுங்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்காக அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பெயர் துணை. டாக்டரும் இல்லை, போதகரும் இல்லை. அதே வலியைத் தாண்டி வந்த ஒரு பெண், இன்னும் தாண்டாத ஒரு பெண்ணோடு பத்து வாரம் உட்கார வேண்டும். எந்தச் சாமி கும்பிடுகிறவள் என்று கேட்கக் கூடாது. சென்னையிலிருந்து பத்து வாரத்துக்கும் பாடப் புத்தகம் வந்திருந்தது. ஆங்கிலத்திலிருந்து யாரோ அவசரத்தில் தமிழாக்கியது. நாலாம் வாரத் தலைப்பு ‘உடைமையாக்கல்’. பட்டா மாற்றுகிற விஷயம் ஏதோ வருகிறது என்றுதான் மலர்க்கொடி முதலில் நினைத்தாள். டீச்சர் சிரித்துவிட்டு, செஞ்சது நான்தான்னு வாயால ஒத்துக்கறது என்று விளக்கினார். ஏழாம் வாரம், யாரிடம் மறைத்தீர்களோ அவரிடம் போய் உண்மையைச் சொல்வது.

மலர்க்கொடியும் ஒரு காலத்தில் டீச்சரிடம் அந்தப் பத்து வாரம் உட்கார்ந்தவள்தான். ஏழாம் வாரம் வந்தபோது, என்னைக் கூட்டிட்டுப் போனதே அவருதானே டீச்சர், இதுல மறைக்க என்ன இருக்குது என்றாள். டீச்சர் புத்தகத்தில் அந்த வாரத்துக் கட்டத்தில் டிக் அடித்தார். அந்த டிக்கோடு மலர்க்கொடி தேறிவிட்டாள். பிறகு மேடையில் ஏறிச் சாட்சி சொன்னாள். ஆண்டவர் என் பாரத்தை இறக்கினார் என்று முதல் தடவை சொன்னபோது குரல் நடுங்கியது. பத்தாவது தடவை எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் அழுவார்கள் என்பது தெரிந்திருந்தது. பிறகு அவளிடம் பெண்களை அனுப்பத் தொடங்கினார்கள். ஆறு பேர் வந்து பத்து வாரம் முடித்துப் போனார்கள். அதில் இரண்டு பேருக்கு அடுத்த வருஷமே குழந்தை பிறந்ததும், மலர்க்கொடி கைராசிக்காரி என்று பேர் ஆகிவிட்டது. கைராசி என்பதெல்லாம் சபையில் பேசுகிற பேச்சில்லை என்று டீச்சர் கண்டித்தார். மலர்க்கொடிக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது.

ஏழாவதாக வந்தவள் தாட்சாயிணி. இருபத்தொன்பது வயது. சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் புகுந்த வீடு. கணவன் சபேசன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறான். அவள் கடலூரில் ஒரு தனியார் பள்ளி ஆபீசில் கிளார்க். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். ஸ்டோர் ரூமில் அவள் தனியாக அழுவதை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்ட ஒரு டீச்சரம்மாதான் ஹெப்சிபா டீச்சரின் நம்பரைக் கொடுத்திருந்தாள். தை மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நெற்றியில் விபூதியோடு தாட்சாயிணி வந்தாள். வாசலிலேயே நின்று, இதை அழிச்சிட்டு வரணுமா என்று கேட்டாள். அப்படியே இருக்கட்டும், ஆண்டவருக்கு உன்னை அடையாளம் தெரியும் என்றார் டீச்சர்.

சபைக்குப் பின்பக்கம் பாட்டுக்காரர்களின் கீபோர்டையும் ஸ்பீக்கரையும் வைக்கிற சின்ன அறை. அங்கேதான் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். தாட்சாயிணியும் மற்றவர்களைப் போலவே ஆரம்பித்தாள். கல்யாணம் ஆன மூணாம் மாசம் கலைஞ்சிடுச்சுக்கா, ஆறு வருஷம் ஆவுது. மலர்க்கொடி தண்ணீர் கொடுத்தாள். மூன்றாவது சனிக்கிழமைதான் மிச்சம் வந்தது. பி.எட். கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாசம் இருந்திருக்கிறது. பண்ருட்டியில் இருக்கிற அவளுடைய அம்மா, இப்ப என்ன அவசரம், அடுத்த வருஷம் பெத்துக்கலாம் என்று தெரிந்த மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள். தானாகக் கலைந்துவிட்டது என்று புகுந்த வீட்டில் சொல்லியாயிற்று. பரீட்சையில் பாஸ். ஆனால் அடுத்த வருஷம் வயிறு திறக்கவில்லை, அதற்கு அடுத்த வருஷமும் இல்லை.

மாமியார் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் தாட்சாயிணிக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். கல்யாணசுந்தரி அப்படி இல்லை. கலைந்த சேதி கேட்டதும் ஒரு மாசம் மருமகளைக் குடம் தூக்க விடவில்லை. பூண்டைத் தட்டிப் போட்டு லேகியம் கிண்டிக் கையில் கொடுத்தாள். விசேஷ வீட்டில் ஒருத்தி மலடி என்று முணுமுணுத்ததற்கு, அந்த வீட்டு வாசலையே பிறகு மிதிக்கவில்லை. கலைஞ்சு போன உசுரு அதே வயித்துக்குத்தான் திரும்பி வரும் என்பது அவள் நம்பிக்கை. மாசம் ஒரு தடவை மருமகளை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, அரச மரத்தைச் சுற்றுவாள். முட்டி வலி உள்ளவள். மருமகள் சுற்றினால் போதாதா என்று யாராவது கேட்டால், வர்ற புள்ளைக்கு அப்பத்தா நான்தானே என்பாள். பின்னால் ஈரத் துணியோடு சுற்றுகிற தாட்சாயிணி அந்த முட்டி இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்துக்கொண்டே சுற்றுவாள். அவங்க என்ன ஒரு அடி அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்கா என்று மலர்க்கொடியிடம் சொன்னாள்.

நாலாம் வாரம் அந்த வாக்கியம். நான் கலைச்சேன். இரண்டே வார்த்தை, முக்கால் மணி நேரம் பிடித்தது. கலை என்பது வரைக்கும் வருவாள், அங்கே நின்றுவிடுவாள். கலைச்சாங்க என்பாள், கலைக்க வேண்டியதாப் போச்சு என்பாள். மலர்க்கொடி விடவில்லை. நான்னு ஆரம்பிம்மா, நான்னு ஆரம்பிச்சா வார்த்தை தானா வந்து நிக்கும் என்றாள். கடைசியில் தாட்சாயிணி கீபோர்டின் மேல் கிடந்த துணியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொன்னதும் அழுதாள், பிறகு ஏனோ சிரித்தாள், பசிக்குதுக்கா என்றாள். மலர்க்கொடி ஓடிப்போய் டீயும் நாலு சமோசாவும் வாங்கிக்கொண்டு வந்தாள். நாலையும் தாட்சாயிணியே தின்றாள். அந்த வாரம் முழுக்க நன்றாகத் தூங்கினேன் என்று போன் செய்தாள். மலர்க்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை. நம்ம கைக்கு ஒரு இது இருக்குதுதான் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு முட்டை உரித்தாள்.

ஏழாம் வாரம் வந்தபோது தாட்சாயிணி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“வீட்ல சொன்னா என்னக்கா ஆவும்?”

“பாரம் எறங்கிடும்மா. மொத ரெண்டு நாளு கோவமா இருப்பாங்க. அப்பறம் அவுங்களே உன்னத் தேத்துவாங்க.”

“ஒங்க வீட்ல அப்பிடித்தான் ஆச்சா?”

“ஆமா” என்றாள் மலர்க்கொடி.

எவ்வளவு லேசாக வந்தது பாருங்கள் அந்த ஆமா. எத்தனையோ மேடையில் பாரம் இறங்கியது, பாரம் இறங்கியது என்று சொல்லிச் சொல்லி, இறங்காத ஒன்று உள்ளே கிடப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது என்று சொல்லலாம். அப்படிச் சொல்லி அவளைத் தப்பிக்க விட எனக்கு மனசு வரவில்லை. மறக்கவில்லை. அந்த ஆமாவைச் சொல்லும்போதே பண்ருட்டி ஆயாவின் வாளிச் சத்தம் அவள் காதில் விழுந்தது. ஆறு பேரைக் கரை சேர்த்தவள், ஏழாவது ஆளிடம் தனக்கு நீச்சல் தெரியாது என்று எப்படிச் சொல்லுவாள்.

தாட்சாயிணி தள்ளிப்போட்டாள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள், வீட்டில் விருந்தாள் என்றாள். ஹெப்சிபா டீச்சரே மலர்க்கொடியைக் கூப்பிட்டு, அந்தப் பொண்ணை நெருக்காதே, ஏழாம் வாரத்தை விட்டுவிட்டு எட்டுக்குப் போ, எல்லார் வீடும் ஒரே மாதிரி இல்லை என்றார். இதை எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு சபையில் எல்லாரும் பழியை டீச்சர் தலையில்தான் போட்டார்கள். மலர்க்கொடி கேட்கவில்லை. ஒரு கட்டம் காலியாக இருக்கிற புத்தகத்தை அவளால் பொறுக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை போன் போட்டாள், வியாழக்கிழமை போட்டாள். நாலாம் வாரம் சொன்னப்ப எப்பிடி இருந்துச்சு, யோசிச்சுப் பாரு, இதுல அதவிடப் பத்து மடங்கு லேசாவும் என்றாள். சரிக்கா, இந்த ஞாயித்துக்கெழம ஸ்ரீமுஷ்ணம் போயிட்டு வந்ததும் சொல்லிர்றேன் என்றாள் தாட்சாயிணி. மலர்க்கொடி அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்காலில் நின்று அவளுக்காக ஜெபித்தாள். அந்த ஜெபத்தில் பொய் இல்லை.

அடுத்த சனிக்கிழமை தாட்சாயிணி வரவில்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. போன் அணைந்து கிடந்தது. ஆபீசில் லீவு போட்டிருக்கிறாள் என்று நம்பர் கொடுத்த அந்தப் பள்ளி டீச்சரம்மா சொன்னாள். சித்திரை வெயிலில் மலர்க்கொடி சிதம்பரம் பஸ் ஏறினாள். வழியெல்லாம், அந்த வீட்டில் எல்லாரும் அழுது ஓய்ந்து ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள், வாங்கக்கா என்று தாட்சாயிணி காபி கொண்டு வருவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தது கல்யாணசுந்தரி. வெள்ளையும் கறுப்புமாக முடி, நெற்றி நிறைய விபூதி, ஒரு காலைச் சாய்த்து நிற்கிற நிலை. தாட்சாயிணி சொல்லிச் சொல்லிப் பழகின முகம் போலவே இருந்தது. மலர்க்கொடி தன்னைப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி என்று சொல்ல வாயெடுத்தாள், அந்த அம்மாளைப் பார்த்ததும் முடியவில்லை. யார் என்பதை உள்ளபடி சொன்னாள். நான்தான் சொல்லச் சொன்னேன் என்றும் சொன்னாள். வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தாள். கல்யாணசுந்தரி உள்ளே வந்து உட்காருங்க என்றாள், சொம்பில் மோர் கொண்டு வந்து வைத்தாள்.

நடந்ததை அவளே சொன்னாள், பக்கத்து வீட்டு விஷயம் போல. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்திருந்திருக்கிறாள். மருமகள் கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டபடி, அத்த, அது கலைஞ்சுது இல்ல, நான் கலைச்சேன் என்றிருக்கிறாள். சரியாகக் காதில் விழவில்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்தாளாம். மூன்று தடவையும் அந்தப் பெண் தடுமாறாமல் சொன்னாளாம். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மகனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவன் கத்தவில்லை, கை நீட்டவில்லை. சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போனான். மறுநாள் காலை அவள் பையை அவனே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பண்ருட்டியில் அவள் அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்துவிட்டான்.

இரண்டு நாள், இரண்டு வாரம், கோபம் ஆறிவிடும், நீங்கள் சொன்னால் தம்பி கேட்பார் என்று மலர்க்கொடி கெஞ்சினாள். எனக்குக் கோவமே இல்லையே, கோவம் வந்திருந்தாத்தான் திட்டிட்டு வச்சிக்கிட்டிருப்பேனே என்றாள் அந்த அம்மாள். சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டாள்.

“நான் ஒண்ணும் அவளக் கொலகாரின்னு சொல்லலம்மா. சின்னப் பொண்ணு, பயந்துட்டா. ஆனா ஆறு வருஷமா நான் அந்த மரத்தச் சுத்தறப்ப பின்னாடியே சுத்தி வந்தா பாருங்க, அத என்னால ஜீரணிக்க முடியல. அது கலைஞ்சுதுன்னு இருந்த வரைக்கும் எனக்கு ஒரு மருமவ இருந்தா.”

மலர்க்கொடி மோரைத் தொடாமல் எழுந்து வந்தாள். சபேசனை வங்கி வாசலில் வைத்துப் பார்த்தாள். அவன் மரியாதையாகத்தான் பேசினான். விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்துவிட்டோம், ரெண்டு பேரும் சம்மதிச்சு எழுதிக் குடுத்தா சீக்கிரம் முடிஞ்சிரும், அவளும் சம்மதிச்சிட்டா என்றான்.

ஹெப்சிபா டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். இந்த வருஷம் துணை வேண்டாம், நிறுத்திவைப்போம் என்றார். உனக்காகவும் ஜெபிப்போம் என்று மலர்க்கொடியின் தலையில் கை வைத்தார். அப்போது மலர்க்கொடிக்கு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து, கண்ணீராக மட்டும் வெளியே போனது. டீச்சர் அதைத் தாட்சாயிணிக்கான கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பண்ருட்டிக்குப் போனாள். இருபத்தொரு வருஷமாக இறங்காத ஊர். அந்த வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறாமல் சுற்றிப் போகிறவள். பஸ் ஸ்டாண்டை ஒட்டி லாரி லாரியாகப் பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நர்ஸம்மாவின் வீடு இருக்கிற தெருப் பக்கம் கால் தானாகத் திரும்பப் பார்த்தது, மலர்க்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். பஸ்ஸிலேயே ஒரு முடிவு செய்துவிட்டிருந்தாள். இன்றைக்குச் சாயங்காலம் பழனிவேலிடம் சொல்லிவிடுவது. ஒருத்தியைத் தள்ளிவிட்ட பள்ளத்தில் தானும் குதித்துவிடுவதுதான் ஞாயம் என்று அவளுக்குப் பட்டது.

தாட்சாயிணியின் அம்மா வாசலில் முந்திரிக்கொட்டை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நீங்கதான் அந்தக் கடலூரம்மாவா என்று ஏற இறங்கப் பார்த்தாள். மாத்திரையை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்பது அவளுக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை. எம்பொண்ணு வாயக் கெளறிக் குடும்பத்தக் கெடுத்திட்டீங்களே என்று சொல்லிவிட்டு, உள்ளே இருக்கறா என்று கையைக் காட்டினாள்.

உள்ளே தாட்சாயிணி புடவைகளை மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சிதம்பரத்திலிருந்து பார்சலில் வந்திருந்தன. ஒவ்வொரு புடவையையும் மாமியாரே மடித்து, நடுவில் வேப்பிலை வைத்து அனுப்பியிருந்தாளாம். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து வச்சிருக்காங்கக்கா என்றாள். குரலில் அழுகை இல்லை. இளைத்திருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை.

மலர்க்கொடி தரையில் உட்கார்ந்தாள். ஜெபிக்கலாம் என்று சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்து, அதையும் நிறுத்திவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“நீ அன்னிக்குக் கேட்டப்ப நான் ஆமான்னது பொய்யிம்மா. நான் எங்கூட்டுக்காரருகிட்ட சொன்னதே இல்ல. கலைச்சது அவருக்குத் தெரியும். அது ஆம்பளப் புள்ளன்னு அந்த ஆயா சொன்னது தெரியாது. பொட்டன்னு நெனச்சுத்தானே கூட்டிட்டுப் போனாரு. இன்னி வரைக்கும் அவரு அப்பிடித்தான் நெனச்சிட்டு இருக்காரு. எனக்கு எதுவும் எறங்கல. ஒரு நாளும் எறங்கல.”

தாட்சாயிணி மடித்துக்கொண்டிருந்த புடவையை மடியில் வைத்தாள். கோபப்படுவாள் என்று மலர்க்கொடி காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. வெளியே அம்மாக்காரி முந்திரிக்கொட்டையைக் கையால் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மொத நாளே இத என்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா நாம ரெண்டு பேரும் அந்த ரூம்ல உக்காந்து அழுதுட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமேக்கா என்றாள் தாட்சாயிணி. அதற்கு மேல் குற்றம் என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இப்போது என்ன வயது என்று கேட்டாள். மலர்க்கொடி சொன்னாள். வரிசையில் தேடினதையும் சொன்னாள், எட்டாம் வகுப்போடு அவன் காணாமல் போனதையும் சொன்னாள். தனக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு, ஸ்கூல் ஆபீசில் எல்.கே.ஜி. அட்மிஷன் ஃபாரம் வாங்கும்போது பிறந்த தேதியைப் பார்ப்பேன் என்றாள் தாட்சாயிணி. அத்தனை வாரத்தில் இப்படி ஒரு பேச்சு அவர்களுக்குள் நடந்ததில்லை. பாடப் புத்தகத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

வெயில் இறங்கியதும் மலர்க்கொடி எழுந்தாள். இன்னிக்குப் போயி அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லிரப் போறேன், உன்னச் சொல்ல வச்சிட்டு நான் மட்டும் ஒளிஞ்சிட்டு இருக்கக் கூடாது என்றாள். தாட்சாயிணி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரு இப்ப என்னக்கா பண்றாரு?”

“வாட்ச்மேன் வேலைக்குப் போறாரு. பொண்ணுங்க ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு. சாயங்காலம் வந்தாருன்னா ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து டீ குடிப்போம். நான் வர்ற வரைக்கும் குடிக்க மாட்டாரு.”

“எங்கத்தயும் நான் ஆபீஸ்லேருந்து வர்ற வரைக்கும் குடிக்க மாட்டாங்க.” தாட்சாயிணி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். “சொல்லிராதீங்கக்கா. நான் சொல்றேன், கேளுங்க. சொல்லவே சொல்லாதீங்க. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க.”

மலர்க்கொடி அந்தக் கையில் தன் கையை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தாள்.